இரண்டாம் கட்ட மனைகள்

நிலச் சட்டத்தில் உனக்கு ஏன் இவ்வளவு ஆர்வம் என்று கல்லூரியில் கேட்பவர்களுக்கு நான் ஒரு பதில் வைத்திருந்தேன். எங்கள் பக்கம் நிலத்துக்கு நல்ல மதிப்பு வந்துவிட்டது, அதில் வக்கீல்களுக்கு நிறைய வேலை இருக்கும் என்பேன். அது பொய்யில்லை. ஆனால் நிஜமான காரணம் கோபம்.

எங்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்ததே இல்லை. வடக்குப்பட்டில் எங்கள் காலனியைச் சுற்றியிருந்த வயல்கள் எல்லாம் ஊர்க்காரர்களுடையவை. தொழிற்சாலைகள் வந்தபோது பட்டா வைத்திருந்தவர்களுக்கு இழப்பீடு கிடைத்தது. மாடி வீடும் காரும் வந்தன. அதே வயலில் கூலிக்கு நடவு நட்ட எங்கள் ஆட்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலை போனதுதான் மிச்சம். அப்பா கம்பெனி பஸ் ஓட்டப் போனார். அம்மா ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத்தில் தரை துடைக்கப் போனாள். கூலிக்கு உழைத்தவருக்கு நிலத்தின் மேல் எந்த உரிமையும் கிடையாது என்று முதலாம் ஆண்டில் ஒரு பேராசிரியர் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அவர் போன வேகத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பாடத்தை மட்டும் விழுந்து விழுந்து படித்தேன்.

நான்காம் ஆண்டு முடிந்த கோடை விடுமுறையில் எங்காவது வேலை பழகிவிட்டுச் சான்றிதழோடு வர வேண்டும் என்பது கல்லூரியின் விதி. சென்னையில் சொத்து வழக்குகளும் பத்திர வேலையும் பார்க்கும் அலுவலகங்களுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. என் வகுப்பில் சித்தப்பாவோ மாமாவோ வக்கீலாக இருந்தவர்களுக்கு ஏப்ரலிலேயே இடம் உறுதியாகிவிட்டது. அவர்களில் ஒருத்தி, ‘நீ சும்மா மெயில் போட்டா யாரு பாப்பாங்க, தெரிஞ்சவங்க மூலமா போ’ என்றாள். தெரிந்தவர்கள் இல்லாதவர்கள் மின்னஞ்சல்தான் போட முடியும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் பாரிமுனையில் ஒரு மூத்த வக்கீல் வரச் சொன்னார். பேருந்து மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். வெகுநேரம் வெளியே உட்கார வைத்துவிட்டுக் கூப்பிட்டார். என் விண்ணப்பத்தில் இருந்த முகவரியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. ஒரகடம் பக்கமா, அங்கே நிலம் கோடிக் கணக்கில் போகிறதே, உங்களுக்கு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். சொந்தக்காரர்களுக்கு? அவர்களுக்கும் இல்லை. வழக்கோடு வரக்கூடிய கட்சிக்காரர்கள் யாரையாவது கூட்டிவர முடியுமா என்றார். முடியாது என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு பெண் தினம் எப்படி வந்து போவாய் என்பது. பதிலுக்குக் காத்திராமல் ஃபோனை எடுத்துக்கொண்டார். அவர் எதிர்பார்த்தது நிலத்தரகரை. சட்டம் படிக்கிற பெண் அவருக்குத் தேவைப்படவில்லை. படிகளில் இறங்கும்போது என் காதெல்லாம் சூடாக இருந்தது.

அந்த வாரமே ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு மனை விற்கும் அலுவலகத்தின் வாசலில் ‘லீகல் அசிஸ்டென்ட் தேவை, மாணவர்களும் வரலாம்’ என்று அச்சடித்து ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கீழே டிபன் கடை, மேலே கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். அங்கே மேனேஜர் என்னிடம் பேசினார். நாற்பது வயதிருக்கும், சலவைச் சட்டை, நெற்றியில் சந்தனம், நல்ல சிரிப்பு. மதிப்பெண் பட்டியலை அவர் பார்க்கவில்லை.

“எந்த ஊரு?”

“வடக்குப்பட்டு சார்.”

“ஊரா, காலனியா?”

இந்தக் கேள்வியைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். காலனி என்றேன். அவர் பெரிய மனதோடு தலையாட்டினார். “அதனால இன்னாம்மா, நாங்க அதெல்லாம் பாக்கறதில்ல” என்றார். பாக்காதவர் ஏன் கேட்டார் என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சான்றிதழ் வேண்டும். திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போகும்போது மனதில் பெரிய கற்பனை. தாய்ப்பத்திரம் பார்ப்பேன், வில்லங்கம் பார்ப்பேன், உரிமை சரியாக இருக்கிறதா என்று எழுதிக் கொடுப்பேன். முதல் வாரம் பத்திரங்களை ஜெராக்ஸ் எடுத்து அடுக்கினேன். வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். சனிக்கிழமை மேனேஜர் கூப்பிட்டு, நாளைக்கு சைட்டுக்குப் போகணும், கறுப்புக் கோட்டு இருக்கிறதா என்று கேட்டார். கல்லூரியில் மாதிரி நீதிமன்றப் போட்டிக்குப் போட்ட கோட்டு இருக்கிறது என்றேன். அதைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். மறுநாள் காலையில் வேனில் ஏறும்போது வக்கீல்கள் கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையையும் எடுத்து நீட்டினார். நான் இன்னும் வக்கீல் இல்லை, அதைக் கட்டுவது குற்றம் என்றேன். சிரித்துக்கொண்டே பையில் போட்டுக்கொண்டார்.

மே மாத வெயில். வேனில் பின்சீட்டுக்கு ஏ.சி. வராது. கறுப்புக் கோட்டுக்குள் வேர்வை முதுகில் ஓடியது. ஸ்ரீபெரும்புதூரில் ஒவ்வொரு விடுதியாக நிறுத்தி ஆட்களை ஏற்றினார்கள். எல்லாரும் தெற்கத்திப் பிள்ளைகள். தென்காசி, சங்கரன்கோவில், விருதுநகர். கம்பெனிகளில் உற்பத்தி லைனில் வேலை செய்து சேர்த்ததைக் கொண்டு ஒரு மனை வாங்கிவிட வேண்டும் என்று வந்தவர்கள். மேனேஜர் எழுந்து நின்று என்னைக் காட்டினார்: “இவங்க நம்ம லீகல் டீம் மேடம். எல்லா டாக்குமெண்ட்டும் இவங்க செக் பண்ணதுதான். எந்த டவுட்டுன்னாலும் மேடத்துகிட்ட கேக்கலாம்.” அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. என்னைவிட மூத்தவர்கள் எனக்கு வணக்கம் வைத்தார்கள். ஜெராக்ஸ் எடுத்ததைத் தவிர அந்தப் பத்திரங்களில் நான் எதையும் செய்யவில்லை. இறங்கியதும் தனியாகப் போய் இதை மேனேஜரிடம் சொன்னேன். இனிமேல் செக் பண்ணிவிடு, யார் வேண்டாம் என்றது என்றார்.

சரி என்று அதையே செய்தேன். திங்கட்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்தேன். முன்பக்க மனைகளுக்கு அரசு அனுமதி இருந்தது. அவை எப்போதோ விற்றுத் தீர்ந்துவிட்டன. நாங்கள் ஆட்களை அழைத்துப்போய்க் காட்டியது அதற்குப் பின்னால் இருந்த நிலம். இரண்டாம் கட்டம் என்று அதற்குப் பெயர். அதற்கான அனுமதி எங்கே என்று மேனேஜரிடம் நேராகவே கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயமாகவே அது அவருக்குத் தெரியவில்லை.

“அப்ளை பண்ணிகீதும்மா. வந்துரும்.”

“வர்ற வரைக்கும் விக்கக் கூடாதே சார்.”

“விக்கலியே. அக்ரிமெண்ட்தான் போடறோம். நீ படிக்கிற பொண்ணு, படிச்சுகினு இரு. பப்ளிக் கேட்டா அப்ரூவ்டுன்னு சொல்லு, அது போதும்.”

அந்த நிலம் எனக்குத் தெரியும். ஐப்பசியில் அதன் நடுவே கால்வாய்த் தண்ணீர் போகும். நான் பள்ளிக்கூடம் போன பாதை அது. வெள்ளைக் கல் நட்டு மனை பிரித்திருந்தார்களே தவிர கால்வாய்க்கு இடம் விடவில்லை. சாலை என்று காட்டியதில் ஒரு கார் போனால் எதிரே இன்னொன்று வர முடியாது. அப்படியே அனுமதி கேட்டால் யாரும் கொடுக்க மாட்டார்கள் என்பது எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேனில் ஒரு அக்கா தன் அம்மாவோடு ஏறினாள். தென்காசிப் பக்கத்துக்காரி. ஏதோ ஒரு கம்பெனியில் எட்டு வருஷமாக லைனில் நின்றவள். அம்மா ஊரிலிருந்து அதற்கென்றே வந்திருந்தார். அவருக்கு இந்த மனை விஷயம் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு நகையாக வாங்கிவைத்தால் கழுத்தில் கிடக்கும், இந்தக் காட்டில் இடம் வாங்கி யார் வந்து காவல் இருப்பது என்று வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அந்த அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். சைட்டில் இறங்கி, அவளுக்கென்று காட்டிய மனையின் நடுவில் போய் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

“மேடம், எங்கம்மைக்கு ஒண்ணும் புரியாது. நீங்க சொல்லுங்க. இத வாங்கலாமா?”

மேனேஜர் பக்கத்தில்தான் இருந்தார். மற்றவர்களும் இருந்தார்கள். அப்படியொன்றும் தைரியம் வந்துவிடவில்லை. வெயிலில் தலை கிறுகிறுத்தது, கோட்டு உடம்போடு ஒட்டிக் கிடந்தது, எனக்கு எல்லார் மேலும் ஆத்திரமாக இருந்தது.

“வாங்காதீங்க அக்கா. இந்தப் பின்பக்கத்துக்கு அனுமதி இல்ல. மழைக்காலத்துல நீங்க நிக்கிற இடத்துல தண்ணி போவும்” என்றேன்.

மேனேஜர் சத்தம் போடவில்லை. மேடம் புதுசு, அவங்களுக்கு முழு விவரம் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லி எல்லாரையும் வேனில் ஏற்றினார். நான் ஏறப் போனபோது கதவைச் சாத்திவிட்டார். வேன் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. நான் மட்டும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு மெயின்ரோடு வரைக்கும் நடந்தேன். அழுகை வரவில்லை. வழியில் ஒரு எல்லைக் கல்லை உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலம் அந்த அக்கா ஃபோன் செய்தாள். வேனில் வரும்போது என் எண்ணை வாங்கி வைத்திருந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“நீங்க சொன்னது நெசமா?”

“நெசந்தான் அக்கா.”

“அப்ப நான் எங்கதான் வாங்கட்டும்? அனுமதி இருக்குத எடத்துக்கு எங்கிட்ட துட்டு காணாது. இன்னைக்கு முடிக்கலைன்னா எங்கம்மா நகைக்கடைக்கு இழுத்துட்டுப் போயிருவா. அப்புறம் எவன் வீட்டுக்கோ போவும். எனக்குன்னு ஒரு எடம் வேணும்னு கேட்டேன். அதையும் நீங்க கெடுத்துட்டிய.”

நீங்கள் என்னிடம்தானே கேட்டீர்கள் என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னேன். அவள் வைத்துவிட்டாள். ஏமாற்றுகிறவனை விட்டுவிட்டு என் மேல் எரிந்து விழுகிறாள் என்று அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் படுத்தபிறகு யோசித்தால், அவள் கேட்டதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததுதான் என்னை நிஜமாகவே கொதிக்க வைத்தது. அப்பா ஓட்டிய கம்பெனி பஸ்களை ஒப்பந்தம் எடுத்திருந்தவர் அந்த மனை அலுவலக முதலாளியின் மச்சான். இந்தப் பக்கம் எல்லாமே அப்படித்தான். நிலம், பஸ், தண்ணி லாரி, கேண்டீன், எதைத் தொட்டாலும் அதே நாலு குடும்பம். அந்த வாரம் அப்பாவை, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்க, கூப்பிடறோம் என்று அனுப்பிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. மகள் வக்கீலாயிட்டாளாமே என்று மட்டும் கேட்டிருக்கிறார்கள்.

அப்பா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, பேசவும் இல்லை. காலையில் பழக்கத்தில் எழுந்து, காக்கிச் சட்டையைக் கையில் எடுத்துவிட்டு, மறுபடி மாட்டிவைத்தார். அதற்கு அவர் என்னை இரண்டு அறை அறைந்திருக்கலாம். மேனேஜரிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. வந்து முதலாளியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டால் முழுக் கோடைக்கும் சான்றிதழ் தருவார்களாம், அப்பாவையும் கூப்பிட்டுக்கொள்வார்களாம். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அம்மா வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, சீருடை மாற்றாமல் வாசல்படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“நீ இன்னா சொல்ற?” என்றேன்.

“நான் இன்னா சொல்றது. தெனம் சூப்பர்வைசர்கிட்ட சாரி சொல்லிகினுதான் கீறேன். நான் செய்யாததுக்கெல்லாம் சொல்றேன். நம்ம வூட்ல ஒருத்தி சொல்றது போதும்.”

உள்ளே படுத்திருந்த அப்பாவுக்கும் அது கேட்டிருக்கும்.

மறுநாள் உட்கார்ந்து, மனைகளுக்கு அனுமதி கொடுக்கும் அரசு அலுவலகத்துக்குப் புகார் எழுதினேன். அந்த அக்காவைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டேன்; தனியாக விடுதியில் இருக்கிறவள், வம்பு வேண்டாம் என்றாள். அவளைக் குறை சொல்ல முடியாது. என் பெயரிலேயே கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்ட அதிகாரி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீ மனை வாங்கினாயா என்றார். இல்லை. உங்கள் நிலத்தை எடுத்துக்கொண்டார்களா? எங்களுக்கு நிலமே இல்லை. அப்புறம் உனக்கு இதில் என்னம்மா பாதிப்பு என்றார். வாங்க வழியில்லாதவளும் விற்க நிலமில்லாதவளும் இந்த ஊரில் நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. நான் கல்லூரி முதலாம் ஆண்டிலிருந்து கேட்டு வருகிற அதே பேச்சு.

“என்னைக் காட்டித்தான் சார் வித்தாங்க” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக, பெரிதாகக் கேட்டது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். “இவங்க வக்கீல், இவங்க பாத்துட்டாங்கன்னு சொல்லி வித்தாங்க. நான் பாத்தேன். பாத்ததத்தான் எழுதிக் கொடுத்திருக்கேன்.”

அவர் கண்ணாடியை இறக்கிப் புகாரை முதலிலிருந்து படித்தார்.

கோடை முடிய இருந்த நாட்களை ஸ்ரீபெரும்புதூர் நீதிமன்றத்தில் ஒரு பெண் வக்கீலிடம் கழித்தேன். தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கவும் தட்டச்சு செய்யவும் அவருக்கு ஆள் தேவைப்பட்டது. சாப்பிடக்கூட நேரமில்லாதவர், எனக்கு எதையும் உட்கார்ந்து விளக்கியதில்லை. ஆனால் சான்றிதழில் நான் செய்ததை மட்டும் எழுதிக் கொடுத்தார். அப்பாவை அந்த ஒப்பந்தக்காரர் திரும்பக் கூப்பிடவே இல்லை. மறைமலை நகரில் ஒரு பள்ளிக்கூட வேனுக்குப் போனார். சம்பளம் குறைவு, தூரம் அதிகம். முதல் நாள் வேலைக்குக் கிளம்பும்போது, ‘காலேஜ் எப்ப தொறக்கறாங்க?’ என்று என்னைக் கேட்டார். அவ்வளவு நாளுக்குப் பிறகு அதுதான் முதல் பேச்சு.

இரண்டாம் கட்டத்தில் விற்பனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. அதைக் கொண்டாட ஒன்றும் இல்லை. யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை, அலுவலகம் மூடவில்லை, மேனேஜர் அதே சலவைச் சட்டையோடு வேறு சைட்டுக்கு வேனில் ஆட்களை ஏற்றிப்போனார். ஆனால் அந்த நிலத்தை மறுபடி அளந்தார்கள். கால்வாய்க்கு இடம் விட்டார்கள், சாலையை அகலப்படுத்தினார்கள், பூங்காவுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். மனைகள் குறைந்தன. அதற்குப் பிறகுதான் அனுமதி கிடைத்தது. அனுமதி வந்ததும் விலையை ஏற்றிவிட்டார்கள். சட்டப்படி எல்லாம் சரியானதற்கான செலவையும் வாங்குகிறவர் தலையில்தான் கட்டினார்கள்.

இந்த வருஷம் ஒரு நாள் அந்த அக்கா ஃபோன் செய்தாள். அவளே ஞாபகப்படுத்தாவிட்டால் குரல் தெரிந்திருக்காது. நகைக்கடைக்குப் போகவில்லையாம். அம்மாவோடு சண்டை போட்டு, ஓவர்டைம் பார்த்து, இழுத்துப் பிடித்து வைத்திருந்தாளாம். அதே இடத்தில், கால்வாய்க்குத் தள்ளி ஒரு சின்ன மனை எடுத்துவிட்டாள்.

“அன்னைக்கே வாங்கிருந்தா கம்மியா முடிஞ்சிருக்கும்” என்றாள்.

“அன்னைக்கு வாங்கியிருந்தா பத்திரம் பதிவே ஆயிருக்காது, அது உங்களுதும் ஆயிருக்காது அக்கா.”

“அதும் தெரியும். இருந்தாலும் சொல்லுதேன்.” கொஞ்சம் நிறுத்தி, “பத்திரத்துக்கு சாட்சி வேணுமாம். இங்க எனக்கு யாரையும் தெரியாது. நீ வாறியா பிள்ள?” என்றாள்.

போனேன். பத்திரப்பதிவு அலுவலகம் திருவிழாக் கூட்டம். விரல் ரேகை வைக்க, படம் எடுக்க என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். விற்பவர் பக்கம் அந்த மேனேஜர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் ஒன்றுமே நடக்காததுபோலச் சிரித்து, நல்லாகீறியாம்மா, எல்லாம் லீகலா முடிச்சாச்சு பாரு, உன் புண்ணியம், டீ சாப்பிடறியா என்றார். எனக்கு மறுபடி காதெல்லாம் சூடேறியது. எங்கப்பாவுக்குப் போன வேலையைத் திருப்பிக் கொடுங்கள், அப்புறம் டீ குடிக்கலாம் என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அவர் சிரிப்பை மாற்றாமல் ஃபோனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அந்த அக்கா உள்ளே போய்ப் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். சாட்சிக்கான இடத்தில் கையெழுத்துப் போட்டு, அப்பா பெயரையும், வடக்குப்பட்டு காலனி என்று முழு முகவரியையும் எழுதினேன்.